நான் கத்தாமலிருந்த பதினொரு மாதம்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமைதியான பெண்மணி என்று நினைத்துப் படிக்கத் தொடங்கி யாரும் ஏமாற வேண்டாம். இருபத்தொன்பது வருடம் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் குரல் இரண்டாவது மாடியில் கிளம்பினால் கீழே சைக்கிள் ஸ்டாண்டு வரை கேட்கும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அதே குரல்தான். செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வந்து டீச்சர் வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஐந்து நிமிடம் நின்றால் தானே தெரிந்துவிடும் என்பார் என் கணவர்.

அவருக்கு என் கோபம் ஒரு பொருட்டே இல்லை. ரயில்வே அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் பொதுமக்களிடம் திட்டு வாங்கியவர். நான் கத்திக்கொண்டிருக்கும்போது பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கம் படிப்பார். நான் ஓய்ந்ததும் காபி இருக்கிறதா என்று கேட்பார். இப்படித்தான் எங்கள் குடித்தனம் முப்பத்தொரு வருடம் ஓடியது. நன்றாகவே ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கத்தினேன். விஷயம் ஒன்றுமில்லை. ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டிருந்தார். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது, புதுப் படுக்கை விரிப்பு நனைந்துவிட்டது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டைக் கையில் தூக்கிக்கொண்டு குளியலறை வாசல் வரை போய்க் கத்தினேன். ஏதோ சொல்லத் திரும்பினார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. இடது கால் மடிந்தது. நான் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டார். பக்கவாதம்.

எங்கள் சபை ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நெருக்கடி வந்தால் பொருத்தனை செய்வோம், ஆண்டவரிடம் நேர்ந்துகொள்வோம். ஒருவர் ஆலயத்துக்கு நாற்காலி வாங்கித் தருவதாகச் சொல்வார், ஒருவர் மாமிசத்தை விடுவார். அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், கையில் அவருடைய மூக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, விடுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றுதான் இருந்தது. ஆண்டவரே, இவரைத் திருப்பிக் கொடுங்கள், இனி என் ஆயுசுக்கும் இவரிடம் குரலை உயர்த்த மாட்டேன் என்றேன். என் கத்தல்தான் அவரை விழத்தட்டியது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே போட்ட கணக்கு அது, நானே சரி என்று டிக் அடித்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து டாக்டர் வேறு, அவருக்கு டென்ஷன் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது.

ஆண்டவர் திருப்பிக் கொடுத்தார். இடது கைக்குப் பலமில்லை, இடது கால் இழுத்தது, பேச்சு நிதானமாகிவிட்டது, ஆனால் தெளிவாக இருந்தது. ஒழுங்காகப் பயிற்சி செய்தால் ஆறு மாதத்தில் கைத்தடியோடு ஏரிக்கரை வரை நடந்துவிடலாம் என்றார்கள். முதல் மாதம் செய்தார். ரப்பர் பந்தை அமுக்கினார், சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு விட்டுவிட்டார். எதற்கு என்று கேட்டார். அப்புறம் அதையும் கேட்பதை விட்டுவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பழைய நானாக இருந்திருந்தால் அந்தப் பந்தை அவர் கையில் திணித்து, அமுக்கும் வரை நகர்ந்திருக்க மாட்டேன். இப்போது நான் புது மனுஷி. ரசத்தைச் சட்டையில் கொட்டினால், பரவாயில்லைங்க. மாத்திரையைத் துப்பினால், பரவாயில்லைங்க. முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு நர்ஸரிப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்வேன். அவரும் அதற்கு ஏற்றாற்போல மரியாதைக்காரர் ஆகிவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் 'தேங்க்ஸ்' என்பார். முப்பத்தொரு வருடத்தில் அந்த வார்த்தையை நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது, மனிதர் வரவில்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்று பயந்தேன். பயத்திலும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

எட்டு மாதம் போனது. என் வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் நின்றுவிட்டது. தலை பின்ன முடியவில்லை, மேல் அலமாரியில் டப்பா எடுக்க முடியவில்லை. கழுத்து மரக்கட்டை. காலையில் எழுந்தால் தாடை வலிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கியிருப்பேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பிசியோதெரபி செய்யும் பெண், நான் தோள்களை எந்நேரமும் காதுக்குப் பக்கத்திலேயே தூக்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். அதெல்லாம் இல்லை என்றேன். கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டினாள். இருந்தது.

அவள் சொல்லித்தான் சனிக்கிழமைக் காலை வகுப்புக்குப் போனேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மேசைகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பாய் விரித்திருப்பார்கள். வகுப்பு நடத்துகிறவள் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண், நடனம் படித்தவள். சொமாட்டிக் மூவ்மெண்ட் என்று பலகையில் எழுதியிருந்தது. உடம்பை வெளியிலிருந்து பார்க்காமல் உள்ளேயிருந்து கவனிப்பது, இறுக்கம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து மெதுவாக அசைத்து விடுவிப்பது என்று அவள் விளக்கினாள். முதல் நாள் ஒரு மணி நேரம் தரையில் படுத்து, உடம்பின் எந்தெந்த இடம் தரையைத் தொடுகிறது என்று பார்க்கச் சொன்னாள். இதற்கு ஒரு வகுப்பா என்று நினைத்தேன். ஆனால் என் முதுகில் பாதி தரையைத் தொடவே இல்லை. படுத்திருக்கும்போதும் நான் எழுந்து ஓடத் தயாராகத்தான் இருந்தேன்.

மண்டபத்தின் சொந்தக்காரரும் வகுப்பில் ஒருவர். அறுபது வயது, இடுப்பு வலி. ஒரு காலத்தில் அந்த இடத்தில் நெல் போட்ட குடும்பம். என் பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் பேசுவார். சொந்த மண்டபத்திலேயே தரையில் படுக்க வைத்துவிட்டார்களே என்பது அவருடைய தீராத ஆச்சரியம். எல்லோரையும் போல அவரும் என்னை டீச்சர் என்றார், நான் அண்ணா என்றேன்.

இரண்டாவது வாரம் கைகளை உதறினோம், தோள்களை உதறினோம், வாயைத் திறந்து 'ஹா' என்று பெருமூச்சு விட்டோம். புலி துரத்தித் தப்பித்த மான், நின்று உடம்பு முழுக்க உதறி, பயத்தைக் கீழே போட்டுவிட்டுப் புல் மேயப் போய்விடும் என்றாள் அந்தப் பெண். நான் வருஷம் தவறாமல் பிள்ளைகளை வண்டலூர் பூங்காவுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். ஒரு மானும் உதறி நான் பார்த்ததில்லை, பிள்ளைகள் கையிலிருந்த பிஸ்கட்டைத்தான் அவை பார்த்தன. ஆனாலும் உதறினேன். எல்லோருக்கும் பெருமூச்சில் சத்தம் வந்தது. எனக்குக் காற்றுதான் வந்தது. குரலை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது வாரம் வகுப்பு முடியும்போது அந்தப் பெண் ஒரு குண்டைப் போட்டாள். இன்னும் மூன்று வாரத்தில் ஒவ்வொருவரும் நடுவில் வந்து மூன்று நிமிடம் தனியாக ஆட வேண்டுமாம். ஸ்டெப்ஸ் கிடையாது, பாட்டு கிடையாது. உடம்பு எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போக வேண்டும், அவ்வளவுதானாம்.

எனக்கு வியர்த்துவிட்டது. ஆடுவது எங்கள் வீட்டில் பழக்கமில்லாத சமாச்சாரம். கிறிஸ்மஸ் பாட்டுக்குக் கைதட்டுவதோடு சரி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாடக்குறிப்பு எழுதாமல் நான் ஒரு நாளும் வகுப்பறைக்குள் கால் வைத்ததில்லை. திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியர் மேசையில் முதலில் இருப்பது என் நோட்டுதான். என்னைப் போய் ஒன்றும் தயார் செய்யாமல் நாலு பேர் முன்னால் நில் என்றால்?

ஆகவே தயார் செய்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது படு சீரியஸாகச் செய்தேன். நீள நோட்டு ஒன்று எடுத்து, கோடு போட்டு, வரிசை எண் கொடுத்து எழுதினேன். ஒன்று, கண்ணை மூடி நிற்றல். இரண்டு, தலையை வலமிருந்து இடமாகச் சுற்றுதல். மூன்று, இடுப்பை அசைத்து இரண்டு அடி முன்னால் வருதல். இப்படிப் பன்னிரண்டு. திடீரென்று தோன்றியது போல இருக்க வேண்டும் என்பதற்காக ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் கொஞ்சம் தயங்கி நிற்பதையும் எழுதிக்கொண்டேன். தினமும் காலையில் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுச் சமையலறையில் ஒத்திகை. மூன்று விசில் வருவதற்குள் பன்னிரண்டும் முடிந்தாக வேண்டும். எங்கள் படுக்கையறைக் கதவு சமையலறைக்கு நேர் எதிரே. அவர் வழக்கம் போல அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார், தூங்குகிறார் என்று நினைத்து நான் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஆடுவேன். வலது கை மேலே போக வேண்டிய இடத்தில் மட்டும் பாதி வரைக்கும்தான் போகும்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்மணி, மகள் பள்ளியில் கூட்டம் என்று வரவில்லை. நான் வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். ஆச்சரியம், அவர் நானும் வருகிறேன் என்றார். பதினொரு மாதத்தில் ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் வர மறுத்தவர். ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். மண்டபத்து அண்ணா ஓடிவந்து கைத்தாங்கலாக இறக்கி, கல்யாண வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்கார வைத்தார்.

அண்ணாவே முதலில் ஆடினார். ஆடினார் என்றால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நடந்தார், ஒரு இடத்தில் குனிந்து தரையைத் தொட்டார், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. போய் உட்கார்ந்தார். அடுத்தது நான்.

ஒன்று முதல் ஆறு வரை பிரமாதமாகப் போனது. தயங்க வேண்டிய இடத்தில் சரியாகத் தயங்கினேன். பிறகு தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாகப் போனது. ஏழு எனக்கு மறந்துவிட்டது. சுத்தமாக மறந்துவிட்டது. வலது கையைப் பாதியில் தூக்கியபடி நிற்கிறேன், எட்டுப் பேர் என்னைப் பார்க்கிறார்கள், மின்விசிறி சுற்றுகிறது.

சுவரோரத்திலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது. "இடது பக்கம் திரும்பு. அப்புறம் ரெண்டு கையும் மேல."

யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் நாற்காலியில் சாய்ந்து, பரீட்சை எழுதும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல வலது கையால் காற்றில் காட்டிக்கொண்டிருந்தார்.

"அது ஏழு. எட்டுலதான் முழங்கால மடக்கணும்."

எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. அவர் திரும்பிப் படுத்திருக்கும் சுவரோரம்தான் பீரோ. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி, அதில் சமையலறை முழுக்கத் தெரியும். மனிதர் மூன்று வாரமாக, தினமும், குக்கர் வைத்ததிலிருந்து கடைசி விசில் வரை என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

உள்ளங்காலிலிருந்து கிளம்பியது. நான் கிளப்பவில்லை, சத்தியமாக அதுவாகத்தான் கிளம்பியது.

"சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றேன். சொன்னேனா, மண்டபமே அதிர்ந்தது. "மூணு வாரமா திருட்டுத்தனமா பாத்துக்கிட்டு இருந்தீங்களா? பன்னெண்டையும் மனப்பாடம் பண்ணத் தெரியுது, ஒரு ரப்பர் பந்த பத்துத் தடவ அமுக்கத் தெரியலையா? பெருசா தேங்க்ஸாம் தேங்க்ஸ். ஒரு டம்ளர் தண்ணிக்கு தேங்க்ஸ் சொல்றதுக்கு நான் யாரு, சம்பளத்துக்கு வந்த நர்ஸா?"

நிறுத்த முடியவில்லை. காலை உதைத்தேன், அங்கும் இங்கும் நடந்தேன், தொடையில் அடித்துக்கொண்டேன். நானும் ஒரு மனுஷிதானே என்றேன். நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டால் நான் யாரைப் பார்ப்பது என்றேன். பாதி வார்த்தையாக வந்தது, மீதி வெறும் சத்தமாக வந்தது. என்னை அடக்க யாராவது வருவார்கள் என்று பார்த்தால், வகுப்பு நடத்துகிற அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்று, நிறுத்தாதீங்க, உடம்பு போற பக்கமே போங்க என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்," என்றார் மண்டபத்து அண்ணா, "கைய பாருங்கோ."

பார்த்தேன். என் கணவரைத் திட்டுவதற்காக நீட்டிய என் வலது கை, தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேல் நேராக நின்றுகொண்டிருந்தது. மூன்று மாதமாகத் தலை பின்ன முடியாத கை.

கையைப் பார்த்ததும் எனக்குப் பொருத்தனை ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. கத்திவிட்டேன். மறுபடியும் கத்திவிட்டேன். இப்போது விழப்போகிறார். ஓடிப்போய் அவர் முன்னால் மண்டியிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்தேன். வாய் கோணுகிறதா என்று பார்த்தேன். வாய் கோணவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரை ஓடியிருந்தது.

"அப்ப எனக்கு நாள் இருக்கா?" என்று கேட்டார்.

என்ன நாள் என்றேன். புரியவில்லை.

"நீ கத்தறத நிறுத்தினதும் தெரிஞ்சுபோச்சு, டாக்டர் உன்கிட்டத் தனியா ஏதோ சொல்லிட்டாருன்னு. சாகப்போறவன்கிட்டதான் இப்படிப் பதமாப் பேசுவாங்க. போறவனுக்குப் பந்து எதுக்கு, நடை எதுக்கு? உனக்குத் தொந்தரவு குடுக்காமப் போயிடணும்னு பாத்தேன்."

பதினொரு மாதம். பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு 'பரவாயில்லைங்க'வையும் கேட்டுக்கொண்டு, இந்த மனிதர் தன் சாவுக்குக் காத்திருந்திருக்கிறார். நான்தான் அவரைக் காத்திருக்க வைத்தேன், என் அன்பால். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை, நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் செய்த பொருத்தனையைச் சொன்னேன். ஈரத் துண்டைச் சொன்னேன். என் கத்தல்தான் உங்களை விழத்தட்டியது என்றேன்.

அவர், முப்பத்தொரு வருடமாகத்தான் கத்துகிறாய், ஒரு தடவையாவது எனக்குத் தலைவலி வந்திருக்கிறதா என்று கேட்டார். டாக்டர் எத்தனை முறை சொல்லியும் பிரஷர் மாத்திரையைப் போடாமல் ஜன்னலுக்கு வெளியே போட்டது நான்தான் என்றார். அதை அவர் என்னிடம் அதுவரை சொன்னதே இல்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் கத்த வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு என் கன்னத்தைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்னத் திருப்பிக் குடுன்னு கேட்டே, சரி. உன்ன எதுக்குடி எங்கிட்டேருந்து எடுத்தே?"

அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன், பெரிய சத்தமாகவே அழுதேன். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நடுக்கம் வந்தால் வரட்டும், பிடித்து நிறுத்தாதீர்கள் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. அவர் வலது கையால் தன் இடது கையைத் தூக்கி என் முதுகில் வைத்தார். அது நழுவியது. மறுபடியும் எடுத்து வைத்தார். மூன்றாவது தடவை அந்தக் கை, தானாகவே, விரல்களை மடக்கி என் புடவையைப் பிடித்துக்கொண்டது.